இழுவைவண்டிச் சக்கரமும் மசகும்

தனக்கென ஓர் இயந்திரமின்றிப் பிறிதொன்றால் இழுக்கப்பட்டுப் பாரம் சுமப்பது இழுவைவண்டி. டிராக்டரின் பின்னே நெல்லும் கரும்பும் வைக்கோலும் ஏற்றிச் செல்லும் டிரெய்லர் அவ்வினத்தது. டிராக்டருக்கு எண்ணெய் மாற்றும் கணக்கு உண்டு. அதன் முகத்திலே அளவு காட்டும் முட்களும் எச்சரிக்கும் விளக்குகளும் உண்டு. பின்னே வரும் வண்டிக்கோ இவற்றுள் ஒன்றுமில்லை. அதன் சக்கரங்கள் வாய்விட்டு முறையிடுங்காறும் அவற்றை நினைப்பார் அரியர். முறையிடுங்கால் பெரும்பாலும் காலம் கடந்துவிடுகின்றது. அச்சக்கரங்களின் நடுவே மறைந்து கிடக்கும் உருளைத்தாங்கிகளைப் பற்றியதே இக்கட்டுரை. பட்டறைகளில் அவற்றைப் பேரிங் என்பர். அவை ஓடித் தேய்வதினும் நின்று கெடுவது மிகுதி. இஃது எளிதில் நம்பப்படாத செய்தியாதலின் சற்று விரித்துரைத்தல் தகும்.

நம் முன்னோரின் கட்டைவண்டியில் தாங்கி எனத் தனியே ஒன்றில்லை. சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்தின் துளை, இருசின் முனைமீது நேரே உராய்ந்து சுழலும். சக்கரம் கழலாதவாறு வெளியே கடையாணி நிற்கும். உராய்வைத் தணிக்க, விளக்கெண்ணெயில் வைக்கோற்கரியைக் குழைத்து மசகு இடுவர். அம்மசகு கொண்ட மூங்கிற்குழாய் வண்டியின் அடியில் தொங்கும். மசகு வற்றினால் சக்கரம் கிறீச்சிடும். வண்டி வருமுன் அதன் ஓசை ஊருக்குள் வந்துவிடும். வண்டிக்காரர் அப்பொழுதே இறங்கிக் கடையாணியைக் கழற்றிச் சக்கரத்தை வெளியே சிறிது இழுத்து மசகிட்டுத் தள்ளுவார். அச்சு முறிதலும் பண்டைக் காலத்தில் அரிதன்று. உப்பு வணிகர் தம் வண்டியின் கீழ்மரத்தில் சேமவச்சு ஒன்று கட்டிச் சென்றதை ஒளவையார் புறநானூற்றில் உவமையாக எடுத்தாண்டிருத்தலைத் தமிழ் பயில்வார் அறிவர். பழைய வண்டியின் பெருங்குணம் யாதெனின், அது தன் குறையை உடனே கூவிச் சொல்லிவிடும் என்பதே. டயர் பூட்டிய இக்கால வண்டி அங்ஙனம் சொல்லாது. ஓசையின்றி ஓடுவதே அதன் சிறப்பு, அதுவே அதன் தீங்கும் ஆகும்.

உராய்தலினும் உருளுதல் எளிது என்பதைப் பெருங்கற்களை மரவுருளைகளின்மேல் நகர்த்திய பண்டை மக்களும் கண்டிருந்தனர். அவ்வறிவை வண்டியச்சினுள் புகுத்திய முயற்சிகளுள் ஒன்று 1794-ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டுக் கார்மார்த்தன் நகரில் நிகழ்ந்தது. அந்நகரத்து இரும்பாலைத் தலைவர் பிலிப் வாகன் என்பார், அச்சுக்கும் குடத்துக்கும் இடையே குண்டுகள் உருளும் அமைப்பிற்குக் காப்புரிமை பெற்றார். குண்டு தொடும் இடம் மிகச் சிறிது. ஆதலின் பெரும்பாரத்திற்கு நீண்ட உருளையே ஏற்றது. ஆயினும் நேரான உருளை, வண்டி வளைவில் திரும்புங்கால் பக்கவாட்டில் எழும் தள்ளுதலைத் தாங்க மாட்டாது. மேலிருந்து வரும் பாரத்தையும் பக்கத்திலிருந்து வரும் தள்ளுதலையும் ஒருங்கே தாங்குமாறு, ஒருமுனை பருத்து மறுமுனை சிறுத்த கூம்புருளைகளை அமைத்து 1898-இல் காப்புரிமை பெற்றவர், அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் குதிரைவண்டி செய்துவந்த ஹென்றி டிம்கன் என்பாரும் அவர்தம் உறவினர் ரெஜினால்ட் ஹெயின்சல்மன் என்பாரும் ஆவர். மோட்டார்க் கார் தலையெடுக்குமுன்னரே, குதிரை வண்டிக்கெனப் பிறந்த கருவி அது.

கூம்புருளையின் நுட்பத்தை அறிதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டா. வாய் அகன்று அடி குறுகிய தம்ளர் ஒன்றைத் தரையிற் கிடத்தி உருட்டிப் பாருங்கள். அது நேரே ஓடாது; ஏதோ ஒரு புள்ளியைச் சுற்றி வட்டமிடும். தம்ளரின் பக்கங்களை அடிப்புறமாக நீட்டிக்கொண்டே போனால் அவை கூடும் கூம்பின் நுனியே அப்புள்ளி. தாங்கியிலுள்ள உருளைகள் எல்லாவற்றின் கூம்புநுனிகளும் அச்சின் நடுக்கோட்டில் ஒரே புள்ளியிற் சந்திக்குமாறு கணித்து அமைக்கப்பட்டுள்ளன. ஆதலின் ஒவ்வோர் உருளையும் வழுக்காது உருண்டே அச்சை வலம் வருகின்றது. உருளையின் பருத்த முனை மட்டும் உள்வளையத்தின் விளிம்பின்மேல் உராயும். மசகு வற்றினால் முதலில் எரியும் இடம் அதுவே.

டிரெய்லரின் ஒவ்வொரு குடத்திலும் இத்தகைய தாங்கிகள் இரண்டு, ஒன்றையொன்று எதிர்நோக்கி அமர்ந்திருக்கும். வண்டியின் நடுப்பக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பெரிது. வெளிப்பக்கத்தில் இருப்பது சிறிது. உருளைகளைத் தாங்கிய உள்வளையத்தைக் கோன் என்றும், குடத்தினுள் இறுகப் பொருந்திய வெளிவளையத்தைக் கப் என்றும் பட்டறையில் வழங்குவர். உருளைகள் ஒன்றோடொன்று முட்டாதவாறு அவற்றைக் கூடு ஒன்று பிரித்து நிறுத்தும். உட்புறத்தில் ஆயில் சீல் எனப்படும் தடைவளையமும், வெளிப்புறத்தில் தகட்டு மூடியும் தூசியை விலக்கும். நல்ல நிலையிலுள்ள தாங்கியின் உராய்வு, தாங்கும் பாரத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு அளவே. ஒரு டன் சுமக்கும் சக்கரத்திற்கு இரண்டு கிலோ எடையளவான தடையே எழும் என்றால் இதன் பெருமை விளங்கும்.

இனி மசகைப் பற்றிச் சில. கிரீஸ் என்பது கெட்டியான எண்ணெய் என்று பலர் கருதுகின்றனர். அஃது எண்ணெயைத் தன்னுள் தேக்கிவைத்த ஒருவகைச் சவர்க்காரம். நூற்றில் 70 முதல் 95 பங்கு வரை அதில் எண்ணெயே உண்டு. நீர் தோய்ந்த பஞ்சுபோலச் சவர்க்காரம் அதனைப் பிடித்து வைத்துச் சிறுகச் சிறுக விடுகின்றது. சுண்ணாம்புச் சவர்க்காரத்தாலான பழைய கிரீஸ் நீருக்கு அஞ்சாது. ஆனால் வெப்பம் மிகுந்தால் கட்டவிழ்ந்துவிடும். சோடியச் சவர்க்காரத்தாலானது வெப்பத்தைப் பொறுக்கும்; நீர் பட்டால் கரைந்தோடும். இவ்விரு குணங்களையும் ஒருங்கே தந்தது லிதியம் கிரீஸ். அமெரிக்கரான கிளாரன்ஸ் ஏர்ல் என்பார் அதற்கு 1942-இல் காப்புரிமை பெற்றார். இன்று சக்கரத்தாங்கிகளுக்குப் பெரிதும் வழங்குவது அதுவும் அதன் வழித்தோன்றல்களுமே.

கிரீஸின் டப்பாவில் 2 என்ற எண் இருத்தலைக் காணலாம். அது தரத்தின் எண் அன்று, கெட்டித்தன்மையின் எண். பிசைந்த கிரீஸை 25 பாகைச் சூட்டில் வைத்து, குறித்த எடையுள்ள உலோகக் கூம்பு ஒன்றை அதன்மேல் விட்டால் 5 விநாடியில் அக்கூம்பு 26.5 முதல் 29.5 மில்லிமீட்டர் வரை ஆழ்ந்தால் அது 2-ஆம் எண் கிரீஸ். எண் பெருகப் பெருகக் கெட்டியும் பெருகும். நிறத்தைக் கண்டு மயங்குதல் கூடாது. சிவப்பும் நீலமும் சாயமே. ஒருவகை கிரீஸ் இருக்க அதன்மேல் வேறுவகையைத் திணிப்பது தீது. சேராத இருவகைகள் கலந்தால் சவர்க்காரம் தன் பிடிப்பை இழந்து, கூழ்போல் இளகி வழிந்துவிடும். பழையதை முற்றக் கழுவிய பின்னரே புதியதை மாற்றுதல் வேண்டும்.

மிகுதியாக இட்டால் நன்மை மிகும் என்று கருதி, கிரீஸ் துப்பாக்கியால் குடம் பிதுங்கும்வரை அடிப்பார் உளர். இது பரிவுபோலத் தோன்றும் கேடு. தாங்கியினுள் உருளைகளின் இடைவெளி முழுதும் மசகு நிறைந்திருத்தல் வேண்டும்; குடத்தின் வெற்றிடத்திலோ மூன்றிலொரு பங்கு முதல் பாதி வரை போதும். அதனை மிஞ்சினால் மசகு ஓயாது கடையப்பட்டுச் சூடேறி எண்ணெய் பிரியும். அன்றியும் துப்பாக்கியின் அழுத்தம் பின்புறச் சீலைப் பிதுக்கித் தள்ளிவிடும். பிரேக் உள்ள வண்டியாயின், அவ்வாறு பிதுங்கிய கிரீஸ் பிரேக்கின் பட்டையிலே படிந்து, நிறுத்த வேண்டிய நேரத்தில் வண்டியை நிற்கவொட்டாது.

இனி, நின்று கெடுதல் என்றேனே, அதனை நோக்குவாம். காவிரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை தை மாசி மாதங்களில் நிகழ்வது. அப்பொழுது டிரெய்லருக்கு இரவும் பகலும் ஓய்வில்லை. பின்னர் நெடுநாள் அது மரத்தடியிலோ களத்துமேட்டிலோ கிடக்கும். ஐப்பசி கார்த்திகை மழையெல்லாம் அதன்மேல் பெய்யும். ஓடிய நாட்களில் உள்ளே புகுந்த நீர், நின்ற நாட்களில் தன் வேலையைச் செய்கின்றது.

நீர் எவ்வாறு உள்ளே புகும்? பௌதிகம் பயிலும் மாணவர் இதனைத் தாமே கணிக்கலாம். பாரத்தோடு ஓடிய குடத்தினுள் காற்று 60 பாகை வெப்பத்தில் உளது எனக் கொள்வோம். வண்டி வாய்க்காலில் இறங்குகின்றது. குடம் 27 பாகைக்குக் குளிர்கின்றது. தனிவெப்பநிலைக் கணக்கில் இஃது 333 பாகையிலிருந்து 300 பாகைக்குத் தாழ்தலாம். எனவே அடைபட்ட காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைகின்றது. வளிமண்டல அழுத்தம் ஏறக்குறைய 10 மீட்டர் உயர நீர்த்தூணுக்குச் சமம்; அதில் பத்திலொன்று, 1 மீட்டர் நீர்த்தூண். சீலின் மெல்லிய உதடு இவ்வுறிஞ்சுதலுக்கு ஆற்றாது சேற்றுநீரை உள்ளே விட்டுவிடும். ஆகவே சூடான சக்கரத்தை உடனே நீரில் இறக்காது, அரைமணி நேரம் ஆறவிடுதல் நலம். நீரின் ஓரத்திலே வண்டியைக் கழுவுவார் இதனை நினைவிற் கொள்க.

உட்புகுந்த நீர் கிரீஸை மோர்போல் வெளுப்பாக்கும். வண்டி அசையாது நிற்குங்கால் உருளைகள் வளையத்தை ஒரே இடத்திற் பல மாதம் தொட்டுக்கொண்டிருக்கும். பாரத்தால் அவ்விடத்தில் மசகு பிதுங்கி விலகியிருக்கும். அங்கே துரு பிடிக்கும். இரண்டு உருளைகளுக்கு இடையிலுள்ள தூரம் எவ்வளவோ அவ்வளவு தூரம் விட்டு, ஏணிப்படிபோல் வரிவரியாகக் கறுத்த கோடுகள் கப்பிலே தோன்றும். அடுத்த அறுவடையில் முழுப்பாரம் ஏறியதும் அக்கோடுகளின் விளிம்பிலே எஃகு செதில் செதிலாகப் பெயர்கின்றது. உடையவர் பாரத்தைப் பழிப்பார். பழி மழைக்காலத்திற்கு உரியது.

நீர் புகாவிடினும் நிற்றலில் மற்றோர் ஆபத்து உண்டு. 1930-களில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்திலிருந்து ரயிலேற்றிச் சென்ற புதிய மோட்டார்க் கார்கள், ஒருமைல்கூட ஓடாதிருந்தும், இறக்கியபொழுது சக்கரத்தாங்கிகளிலே குழிந்த தழும்புகளோடு இருந்தன. ரயிலின் ஓயாத நடுக்கத்தால் உருளும் உறுப்புகள் இருந்த இடத்திலேயே மயிரிழை அசைந்து அசைந்து, மசகை விலக்கி உலோகத்தை அரித்தமையே காரணம். கடினத்தை அளக்கும் முறையை 1900-இல் வெளியிட்ட சுவீடன் நாட்டுப் பிரினெல் என்பாரின் பெயரால், இத்தழும்பைப் பொய்ப் பிரினெல் தழும்பு என வழங்குகின்றனர். ஆதலின் டிரெய்லரை நெடுநாள் நிறுத்தும்பொழுது பாரத்தை இறக்கி, அச்சுக்குக் கீழே கட்டை கொடுத்துச் சக்கரத்தைத் தரையினின்று உயர்த்தி வைப்பதும், மாதம் ஒருமுறை சில சுற்றுக்கள் சுற்றிவிடுவதும் பயன் தரும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. இருந்தும் செய்வார் சிலரே.

கெட்ட தாங்கியோடு ஓடினால் யாது விளையும்? உருளை செதிலுதிர்ந்து நொறுங்கிக் கூடு உடையும். பின்னர் உள்வளையம் அச்சுமுனையை இறுகப் பற்றிச் சுழல முற்படும். உராய்வால் எழும் சூட்டில் எஃகு நீலம் பூத்து இளகும். அச்சுமுனை கழுத்தில் முறிந்து, சக்கரம் குடத்தோடும் டயரோடும் தனியே ஓடிவிடும். செங்கடலின் நடுவே பார்வோனுடைய இரதங்களின் சக்கரங்கள் கழன்றதை யாத்திராகமத்தில் வாசிக்கின்றோம். அஃது ஆண்டவருடைய செயல். நம் சாலைகளில் நிகழ்வது பெரும்பாலும் ஒரு ரூபாய்ப் பிளவாணியின் செயல் அல்லது ஒருபிடி கிரீஸின் செயல். டிரெய்லரில் ஆட்களை ஏற்றுதல் சட்டத்திற்கு ஒவ்வாதது. எனினும் நடவுக்குச் செல்லும் பெண்களும், திருவிழாவிற்குச் செல்லும் குடும்பங்களும் அதில் ஏறிச் செல்வதை நாம் நாள்தோறும் காண்கின்றோம். எதிரே மிதிவண்டியில் வருவாரும் உளர். மறைந்து கிடக்கும் ஒரு கைப்பிடியளவு எஃகை நம்பியே அவர்தம் உயிர் செல்கின்றது.

ஆண்டுக்கு ஒருமுறை, அல்லது ஏறக்குறைய 19,000 கிலோமீட்டர் ஓடியபின், இவற்றுள் எது முந்துகின்றதோ அப்பொழுது தாங்கிகளைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும் என்பது அச்சு செய்வோர் பொதுவாகக் கூறும் முறை. நம் பகுதிக்கு மழை ஓய்ந்து அறுவடை தொடங்காத மார்கழி மாதம் மிகவும் ஏற்றது. சமதரையில் வண்டியை நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டையிட்டு, ஜாக்கியால் உயர்த்துக. ஜாக்கியை மட்டும் நம்பி அடியிற் புகுதல் ஒருகாலும் கூடாது. வலிய முட்டு ஒன்று அச்சின்கீழ் வேண்டும். தகட்டு மூடியைத் தட்டி எடுத்தால் நட்டும், அதனைக் காக்கும் காட்டர் பின் எனப்படும் பிளவாணியும் தோன்றும். அவற்றை நீக்கிச் சக்கரத்தைச் சிறிது வெளியே இழுத்து உள்ளே தள்ளினால் வெளித்தாங்கி கையில் வரும். குடத்தை முற்றக் கழற்றியபின், சீலைப் பெயர்த்து உட்தாங்கியை எடுக்கலாம். எந்தத் தாங்கி எந்தக் குடத்தது, எந்தப் பக்கத்தது என்பதைக் குறித்து வைத்தல் இன்றியமையாதது. ஒன்றோடொன்று பழகிய கப்பையும் கோனையும் மாற்றிப் பூட்டலாகாது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தூரிகையால் கழுவுக. பெட்ரோல் தீப்பற்றும் ஆதலின் விலக்குக. காற்றுக்குழாயால் தாங்கியைச் சுழற்றி உலர்த்தும் விளையாட்டு பட்டறைகளிற் காணப்படுகின்றது. அவ்வேகத்தில் கூடு உடைந்து உருளை தெறித்துக் கண்ணைப் போக்கவும் கூடும். நூலுதிராத துணியால் துடைத்து, வெளிச்சத்தில் உருளைகளையும் கப்பையும் நோக்குக. ஒரே சீரான மங்கிய வெள்ளி நிறம் நன்று. செதில், குழி, துருவரி, நீலநிறம், வளைந்த கூடு ஆகியவற்றுள் ஒன்று காணினும் கோனையும் கப்பையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். இங்கே சிக்கனம் பார்ப்பது அறிவுடைமையன்று. துருவரியைத் தேய்த்து மறைத்தலும் ஆகாது. உருளைக்கும் வளையத்துக்கும் இடையே நிற்கும் எண்ணெய்ப் படலத்தின் பருமன் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கிற்கும் குறைவு. தலைமயிரின் பருமன் அதனினும் ஐம்பது மடங்குக்கு மேற்பட்டது. அத்தகைய படலத்திற்குக் கண்ணுக்குத் தெரியும் எந்தத் தழும்பும் பெருமலையே. கையில் ஒட்டிய மணலும் அங்ஙனமே என்க.

மசகிடும் முறை எளிது. தூய உள்ளங்கையில் கிரீஸ் உருண்டை ஒன்றை வைத்து, தாங்கியின் அகன்ற பக்கத்து விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி இழுக்க வேண்டும். உருளைகளின் இடையே புகுந்த கிரீஸ் மறுபக்கத்தில் புழுப்போல் வெளிவருங்காறும் விடாது செய்து, வளையத்தைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டே முழுச்சுற்றும் முடிக்க வேண்டும். மேலே பூசி விடுதல் மசகிடுதல் ஆகாது. உட்தாங்கியை அமர்த்திப் புதிய சீலை மரக்கட்டையால் நேராகத் தட்டி இறக்கி, அதன் உதட்டில் சிறிது கிரீஸ் தடவுக. பழைய சீலையே மீண்டும் இடுவார், மேற்கூறிய உழைப்பையெல்லாம் நீரில் விடுகின்றார்.

நட்டை இறுக்குவதிலேதான் தேர்ந்தவர்களும் தவறுவர். சக்கரத்தைக் கையாற் சுழற்றிக்கொண்டே நட்டை வலிதாக இறுக்கினால் உருளைகள் தத்தம் இடத்தில் அமரும். அவ்வளவில் நிறுத்திவிட்டால் தாங்கி எரிந்துபோம். ஓடுங்கால் உலோகம் சூட்டால் விரியும், விரிதற்கு இடம் இராது. எனவே நட்டை மீண்டும் தளர்த்தி, ஸ்பேனர் இன்றி விரலாலேயே படியும்வரை திருப்பி, பிளவாணி புகும் காடி நேராக இல்லையெனில் இறுக்கும் பக்கம் திருப்பாது தளரும் பக்கமே சிறிது திருப்பி, புதிய பிளவாணியைச் செலுத்தி இதழ்களை விரித்து மடக்குக. இங்ஙனம் அமைந்தால் அச்சின் நீளப்போக்கில் 0.025 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை ஆட்டம் இருக்கும். சக்கரத்தின் மேலும் கீழும் பற்றி அசைத்தால் அது மிக மெல்லத் தெரியும். கடகடவென்று ஆடினால் பாரம் சில உருளைகளின்மேல் மட்டும் விழும்; சீலும் விரைவில் தேயும். அச்சு செய்தோர் வேறு அளவு குறித்திருந்தால் அதுவே கொள்ளத்தக்கது.

சக்கரம் பூட்டியபின் பாரமின்றி ஒரு பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, குடங்களின்மேல் புறங்கையை ஒவ்வொன்றாக வைத்துப் பார்க்க. இளஞ்சூடு இயல்பு. நான்கனுள் ஒன்று மட்டும் மற்றவற்றினும் மிகச் சுடுமாயின் அதனை அன்றே திறத்தல் வேண்டும். சக்கரத்தைக் குடத்தோடு பிணிக்கும் நட்டுக்களையும் அப்பொழுதே மறுமுறை இறுக்கிவிடலாம். இவை முடிந்தபின், செய்த நாளையும் இட்ட கிரீஸின் வகையையும் வண்டிச்சட்டத்தின் உட்புறத்தில் வண்ணத்தால் எழுதி வைப்பது நல்ல வழக்கம். வண்டி கைமாறினாலும் அடுத்து அதனைத் திறப்பவர், உள்ளே எந்தக் கிரீஸ் உளது, எத்தனை மழை அதன்மேல் பெய்துள்ளது என்பதை அவ்வெழுத்தைக் கொண்டே அறிந்துகொள்வார்.